இரு நிரல்களுக்கு நடுவே ஒரு பிரம்பு

கரும்பலகையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடப்புற நிரலில் ஆங்கிலப் பழமொழிகள் பத்து. வலப்புற நிரலில் தமிழ்ப் பழமொழிகள் பத்து, வரிசை மாறிக் கிடக்கும். மேலே 'பொருத்துக' என்று எழுதியிருக்கும். பிள்ளைகள் அதைக் கொப்பியில் இறக்கி, அடிமட்டத்தை வைத்து ஒரு நிரலிலிருந்து மற்றதற்குக் கோடு இழுப்பார்கள். பத்துக் கோடும் சரியென்றால் பத்துப் புள்ளி.

இலங்கையின் தமிழ்மொழிப் பாடசாலைகளில் ஆங்கிலம் படித்தவர்களுக்கு இந்தப் பயிற்சியை விளக்க வேண்டியதில்லை. ரியூசன் வகுப்பிலும் பரீட்சை வழிகாட்டிப் புத்தகத்திலும் இது உண்டு. ஆங்கில தினப் போட்டிக்குப் பேச்சு எழுதிக் கொடுக்கும் ஆசிரியர் முதல் வரிக்கு ஒரு பழமொழியைத் தேடுவார். காலைக் கூட்டத்தில் 'இன்றைய சிந்தனை' வாசிக்க வரும் பிள்ளைக்கும் அதுவே கைகொடுக்கும். இத்தனை காலம் நிலைத்துவிட்ட ஒரு பழக்கத்தில் பயன் இல்லாமல் இராது. பயன் இருக்கிறது என்பதற்காக அதன் பிழைகளைப் பார்க்காமல் விடவும் முடியாது. குறிப்பாக, பிள்ளைகளைப் பற்றிய பழமொழிகளைப் பிள்ளைகளுக்கே கற்பிக்கும் இடத்தில்.

முதலில் பயனைச் சொல்லவேண்டும். மன்னார் தீவிலிருந்து பாலத்தைக் கடந்து, பெருநிலத்தில் மதவாச்சி நோக்கிப் போகும் வீதியில் உயிலங்குளம் இருக்கிறது. கட்டுக்கரைக் குளத்து நீரில் நெல் விளையும் பக்கம் இது. இங்குள்ள பிள்ளைக்கு ஆங்கிலம் வீட்டில் கேட்காது, கடையில் கேட்காது, கோயிலிலும் கேட்காது. வாரத்தில் சில பாடவேளைகளில் மட்டும் காதில் விழும் மொழி அது. அப்படிப்பட்ட பிள்ளையிடம் 'மேக் ஹே வைல் த சன் ஷைன்ஸ்' என்று கொடுத்தால், ஒரு முழு வாக்கியம் ஒலியோடும் தாளத்தோடும் அதன் வாயில் வந்து நிற்கிறது. ஏவல் வினை, காலம் காட்டும் துணைவாக்கியம், ஒருமை எழுவாய்க்கு ஏற்ற வினை மூன்றும் அதற்குள் இருக்கின்றன. இலக்கண விதியாகச் சொன்னால் மறந்துபோவது பழமொழியாக வந்தால் நிற்கும்.

அதற்கு இணையாக 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்று எதிர் நிரலில் இருப்பதும் நல்ல பொருத்தமே. மாட்டுத் தீவனத்துக்காகப் புல் வெட்டிக் காயவைக்கும் இங்கிலாந்தின் கோடை உயிலங்குளத்துப் பிள்ளைக்குத் தெரியாது. ஆனால் காற்று வரும் நேரம் பார்த்து நெல் தூற்றுவது தெரியும். இன்றைக்கு வெட்டும் மெசின் வயலிலேயே நெல்லைப் பிரித்துக் கொடுத்துவிட்டாலும், அம்மம்மா சுளகில் பதர் புடைப்பதை அது பார்த்திருக்கிறது. அந்தச் சுளகைக் கொண்டு இங்கிலாந்து உழவனின் அவசரத்தைப் பிள்ளை புரிந்துகொள்கிறது. இரண்டு ஊரிலும் உழவனுக்கு வானத்தைப் பார்த்துத்தான் வேலை. இந்த ஒரு கோட்டுக்காகவே இந்தப் பயிற்சியைப் பாராட்டலாம்.

இணை தேடும் இந்தப் பழக்கத்துக்கு இலங்கையில் நீண்ட வரலாறு உண்டு. 1826இல் இலங்கைக்கு வந்த வெஸ்லியன் மிஷனரி பீட்டர் பேர்சிவல் யாழ்ப்பாணத்தில் பாடசாலை நடத்தினார். பைபிளைத் தமிழில் பெயர்த்தார். அந்த வேலையில் அவருக்குத் துணைநின்றவர் ஆறுமுக நாவலர். அதே பேர்சிவல் 1840களின் தொடக்கத்தில் தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். பின்னர் சென்னைக்குப் போய், 1874இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளோடு அதை விரிவாக வெளியிட்டார். அவரைத் தொடர்ந்து 1894இல் ஜோன் லாசரஸ், 1897இல் டென்மார்க் மிஷனரி ஹெர்மன் யென்சன் ஆகியோரின் தொகுப்புகள் வந்தன. தமிழர்களோடு பேசவும் தமிழில் பிரசங்கம் செய்யவும் வெளிநாட்டவருக்குத் தமிழ்ப் பழமொழி தேவைப்பட்டது. அதற்காக அவர்கள் தேடித் தொகுத்தார்கள். இன்றைய வகுப்பறையில் திசை மட்டும் திரும்பியிருக்கிறது. தமிழ்ப் பிள்ளை ஆங்கிலத்துக்குள் நுழைய ஆங்கிலப் பழமொழி தரப்படுகிறது. ஆனால் அந்த மிஷனரிகளில் சிலர் செய்த ஒரு வேலையை நம் வகுப்பறை செய்வதில்லை. யார் சொன்னது, எப்போது சொல்வது என்ற கேள்வி இங்கே எழுவதே இல்லை.

இனி, பிள்ளைகளைப் பற்றிய வரிகளுக்கு வருவோம்.

'ஸ்பேர் த ரொட் அண்ட் ஸ்பொயில் த சைல்ட்.' பிரம்பை எடுக்காமல் விட்டால் பிள்ளை கெட்டுப்போகும் என்பது பொருள். எதிர் நிரலில் இதற்காகக் காத்திருப்பது 'அடியாத மாடு படியாது'. சில பட்டியல்களில் 'முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்' என்று இருக்கும். பத்துக் கோடுகளில் பிள்ளைகள் தயங்காமல் இழுக்கும் கோடு இதுதான், ஏனெனில் இரண்டு மொழியும் ஒரே விஷயத்தைச் சொல்வதுபோல் தெரிகிறது. எங்கோ ஒரு குளிர்நாட்டுக்காரனும் நம் ஊர்ப் பெரியவரும் தங்களுக்குள் கலந்துபேசாமலே ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்றால் அது உலக உண்மையாகத்தான் இருக்கவேண்டும் என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை நினைப்பதில் வியப்பில்லை. ஆசிரியரின் மேசையில் கிடக்கும் பிரம்புக்கு இரு மொழியிலும் சாட்சி கிடைத்துவிடுகிறது.

அந்த ஆங்கில வரியின் வரலாற்றை யாராவது அந்தப் பிள்ளைக்குச் சொன்னால் படம் மாறும். கருத்து பைபிளின் நீதிமொழிகள் ஆகமத்திலிருந்து வந்தது. இன்று புழங்கும் சொல்லமைப்போ 17ஆம் நூற்றாண்டில் சாமுவேல் பட்லர் எழுதிய 'ஹூடிபிராஸ்' என்ற நையாண்டிக் காவியத்தால் பரவியது. அங்கே அது பிள்ளை வளர்ப்புக்கான அறிவுரை அல்ல. தன்மேல் காதல் என்று சொல்லும் போலி வீரனிடம், காதலும் சின்னப் பையன்போலத்தான், நீயே உன்னைச் சவுக்கால் அடித்துக்கொண்டு காதலை நிரூபி என்று ஒரு விதவை சொல்லும் இடம் அது. வீரனைக் கேலி செய்ய எழுதப்பட்ட வரி, கேலி உதிர்ந்து கட்டளை மட்டும் மிஞ்சி, கப்பலேறி, மூன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு மன்னாரின் கரும்பலகையில் வந்து நிற்கிறது.

அதை அனுப்பிய நாடு இப்போது எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். பிரித்தானிய நாடாளுமன்றம் 1986இல் இயற்றிய சட்டத்தால் அரசுப் பாடசாலைகளில் பிரம்படி நின்றது. தனியார் பாடசாலைகளிலும் படிப்படியாகத் தடை வந்து, 2003இல் வட அயர்லாந்தோடு அது முழுமை பெற்றது. வீட்டில் பெற்றோர் அடிப்பதையும் ஸ்கொட்லாந்து 2020இல் தடைசெய்தது, வேல்ஸ் 2022இல் தடைசெய்தது. அந்த நாட்டின் இன்றைய ஆசிரியர் ஒருவர் இந்தப் பழமொழியைத் தன் வகுப்பில் அறிவுரையாகச் சொல்லத் துணியமாட்டார். பழைய காலத்தார் இப்படிச் சொன்னார்கள் என்று சொல்லிக் கடந்துபோவார். வெளிநாட்டு வகுப்பறைக்கு மட்டும் அது உயிரோடு இருக்கும் ஆங்கிலமாகப் போய்ச் சேருகிறது.

இலங்கையின் சட்டமும் அந்த வரியோடு ஒத்துப்போகவில்லை. இலங்கை சிறுவர் உரிமைகள் சமவாயத்தை 1991இல் ஏற்றது. பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2005/17 இலக்கச் சுற்றறிக்கை சொன்னது. 2016இல் இன்னொரு சுற்றறிக்கை அதை மேலும் தெளிவாகச் சொன்னது. 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம், ஆசிரியர் அறைந்ததால் ஒரு காதின் கேட்கும் திறன் பாதிக்கப்பட்ட மாணவனின் அடிப்படை உரிமை வழக்கில், அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்து இழப்பீடும் வழங்கியது. கொடூரமான, மனிதத்தன்மையற்ற, இழிவான நடத்துகைக்கு எதிரான உறுப்புரை அது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் இழிவு என்று சொன்ன செயலைப் பிள்ளைக்கு நன்மை என்று சொல்லும் வாக்கியம், ஆங்கிலப் பாடத்தின் பத்துப் புள்ளிக் கேள்வியாக இன்னும் இருக்கிறது. இது சின்ன விஷயம் என்று தள்ளக்கூடாது. ஒரு பிள்ளை தன் கையாலேயே தன்னை அடிக்கலாம் என்று எழுதிக் கொப்பியில் சரி வாங்குகிறது.

இங்கே ஒரு மாற்றுக்குரல் எழும். மேல்நாட்டார் பிள்ளைகளைக் கண்டிக்காமல் விட்டுக் கெடுத்துவிட்டார்கள், நம்மிடம் கண்டிப்பும் உண்டு பாசமும் உண்டு, 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்பார்கள். இதற்கு நேர் எதிரான பேச்சும் நகரங்களில் கேட்கிறது: தமிழ்ச் சமூகம் பிள்ளைகளை அடித்தே வளர்த்தது, ஆங்கிலக் கல்விதான் மென்மையைக் கொண்டுவந்தது என்று. வரலாறு இரண்டையும் ஏற்கவில்லை. பையனைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனை நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இருந்தது. அதைக் காட்டுமிராண்டித்தனம் என்று எழுதிய வெள்ளைக்காரர் நடத்திய பாடசாலையிலும் பிரம்பு இருந்தது. மன்னாரில் இது இன்னும் தெளிவு. கத்தோலிக்கம் வேரூன்றிய மாவட்டம் இது. அந்த ஆங்கிலப் பழமொழியின் கருத்து, பிள்ளை ஆங்கில எழுத்தைத் தொடுவதற்கு முன்னரே மறைக்கல்வி வகுப்பிலும் ஞாயிறு பிரசங்கத்திலும் தமிழிலேயே அதன் காதுக்கு வந்திருக்கும். பிரம்பு எந்தத் துறைமுகத்திலிருந்து வந்தது என்று தேடிப் பயனில்லை. எல்லாப் பக்கத்திலும் இருந்தது. இப்போது எல்லாப் பக்கத்திலும் சட்டம் அதைக் கீழே போடச் சொல்கிறது.

அப்படியானால் பிள்ளைகளைப் பற்றிய மனப்பான்மையில் வேறுபாடே இல்லையா? உண்டு. அது பிரம்பில் இல்லை, வேறு வரிகளில் இருக்கிறது. பொருத்துக என்ற பயிற்சியால் காட்ட முடியாத வேறுபாடு அது.

'சில்ட்ரன் ஷுட் பி சீன் அண்ட் நொட் ஹேர்ட்.' பிள்ளைகள் கண்ணில் படலாம், காதில் விழக்கூடாது. ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன் ஜோன் மேர்க் என்ற துறவியின் பிரசங்கத் தொகுப்பில் இது இளம்பெண்களைப் பற்றிய பழஞ்சொல்லாகப் பதிவாகியிருக்கிறது. பிற்காலத்தில்தான் பிள்ளைகள் எல்லோருக்கும் உரியதானது. விக்டோரியா காலத்து வசதியான வீட்டில் பிள்ளைக்குத் தனி அறை, தனித் தாதி, தனிச் சாப்பாட்டு நேரம் இருந்தன. மாலையில் குளிப்பாட்டி உடுத்திப் பெற்றோர் முன் சிறிது நேரம் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பிள்ளை கண்ணில் படுவதற்கு ஒரு நேரம் குறிக்கப்பட்டிருந்த வீட்டில்தான் அந்தப் பழமொழிக்கு முழுப் பொருள்.

தமிழ் வீட்டில் அப்படி ஒரு நேரம் இல்லை. உயிலங்குளத்தில் பிள்ளை எங்கே இல்லை? அடுப்படியில் இருக்கிறது, வயல் வரம்பில் இருக்கிறது, திருவிழாவில் இருக்கிறது, செத்தவீட்டில் பெண்கள் ஒப்பாரி சொல்லும்போது நடுவில் இருக்கிறது. பெரியவர்கள் படுக்கும் பாயிலேயே அதற்கும் இடம். கடன், நோய், சீதனம், சண்டை எதுவும் அதன் காதுக்குத் தப்புவதில்லை. பேசத்தான் கூடாது. பெரியாட்கள் கதைக்கும்போது சின்னப்பிள்ளைக்கு என்ன கதை என்ற அதட்டல் எல்லா வீட்டிலும் உண்டு. ஆக, மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு பண்பாடும் பிள்ளையை வாய்மூடச் சொல்கின்றன. உள்ளே போனால், ஒன்று பிள்ளையைப் பெரியவர் உலகத்துக்கு வெளியே வைத்து வாய்மூடச் சொல்கிறது, மற்றது உள்ளே வைத்துக்கொண்டு வாய்மூடச் சொல்கிறது. எல்லாம் கேட்ட பிள்ளையின் மௌனமும் எதுவும் கேளாத பிள்ளையின் மௌனமும் ஒன்றாகுமா? இந்த ஒரு கேள்வியில் ஒரு பாடவேளை முழுவதும் ஆங்கிலத்தில் பேசலாம், எழுதலாம். பொருத்துக என்ற பயிற்சி அதைக் கேட்கவிடாது. எதிர் நிரலில் அதற்குச் சரியான தமிழ்ப் பழமொழி இல்லாததால், பல பட்டியல்களில் இந்த வரியே காணாமல்போகிறது.

மன்னார்ப் பெருநிலத்துக்கு இந்த வரியில் இன்னொரு கனம் இருக்கிறது. 2002 பெப்ரவரி யுத்தநிறுத்தத்துக்குப் பின், அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் இடையே உயிலங்குளம் ஒரு சோதனைச் சாவடியாக இருந்தது. ஊரின் பெயர் நாளிதழில் அடிபட்டது அதனால்தான். போர் மீண்டும் மூண்டபோது பிள்ளைகளைப் புலிகள் கட்டாயமாக ஆட்சேர்ப்புக்குக் கொண்டுபோன காலம் வந்தது. படையினரின் சுற்றிவளைப்பில் இளைஞர்கள் கொண்டுபோகப்பட்ட காலமும் இருந்தது. வளர்ந்த பிள்ளையைத் தாய்மார் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தார்கள். பிள்ளை கேட்கப்படுவது ஆபத்து, பார்க்கப்படுவது அதைவிட ஆபத்து. அந்தத் தலைமுறை இப்போது பெற்றோராகி, தங்கள் பிள்ளைகளைத் தரம் 6க்கும் 7க்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறது. அவர்களின் பிள்ளைகளிடம் 'பிள்ளைகள் கண்ணில் படலாம்' என்ற வாக்கியத்தை எவ்வித விளக்கமும் இல்லாமல் எழுதிப்போடும் ஆசிரியர், தான் என்ன எழுதினோம் என்று அறிந்திருக்க வேண்டும். வெளியூரிலிருந்து வரும் ஆங்கில ஆசிரியருக்கும் வெளிநாட்டிலிருந்து வரும் தொண்டர் ஆசிரியருக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது உள்ளூர் ஆசிரியர்களின் கடமை.

'லைக் ஃபாதர், லைக் சன்' என்பதற்குப் பொருத்தப்படுவது 'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை'. தகப்பன் தாயாகிவிட்டதை யாரும் நின்று கவனிப்பதில்லை. ஆங்கிலத்தில் மகன் தகப்பனுக்குக் கணக்குக் கொடுக்கிறான், தமிழில் பிள்ளையின் குணத்துக்குத் தாய் பொறுப்பாகிறாள். கணவனை இழந்தோ காணாமல் தேடிக்கொண்டோ தனியாகப் பிள்ளை வளர்த்த பெண்கள் ஏராளமாக உள்ள மாவட்டத்தில், பிள்ளை கெட்டால் தாய்தான் காரணம் என்று வகுப்பறையும் சேர்ந்து சொல்லவேண்டியதில்லை. அதே வகுப்பில் தகப்பனின் முகம் நினைவில்லாத பிள்ளையும் இருக்கலாம்.

எந்த ஆங்கில நிரலிலும் துணை கிடைக்காத தமிழ்ப் பழமொழி ஒன்று உண்டு: 'குழந்தையும் தெய்வமும் கொண்டாடும் இடத்திலே.' பிள்ளையைத் தெய்வத்தோடு ஒரே மூச்சில் சொல்லும் வரி இது. குழந்தை அன்பு காட்டும் இடத்துக்கு வரும், தெய்வமும் அப்படியே. ஆங்கிலப் பழமொழி மரபில் பிள்ளை பெரும்பாலும் திருத்தப்பட வேண்டியது, இல்லாவிட்டால் கெட்டுப்போவது. கொண்டாடப்பட வேண்டியது என்ற எண்ணத்துக்கு அங்கே இவ்வளவு வெளிப்படையான பழமொழி எளிதில் அகப்படாது. ஜப்பானில் அகப்படும். ஏழு வயதுவரை பிள்ளை தெய்வங்களுக்கு உரியது என்று அங்கே ஒரு பழஞ்சொல் இருக்கிறது. சிசு மரணம் மிகுந்திருந்த காலத்தின் துயரமும் அதற்குள் இருப்பதாக விளக்குவோர் உண்டு. ஆங்கில வகுப்பில் ஆங்கிலத்தோடு மட்டும்தான் தமிழை ஒப்பிடவேண்டும் என்று யார் விதித்தார்கள்? தமிழ்ப் பழமொழியை ஆங்கிலத்தில் விளக்கிச் சொல்லும் பயிற்சியில்தான் பிள்ளையின் ஆங்கிலம் உண்மையில் வளர்கிறது. எதிர் நிரலில் துணை இல்லாத வரிகளே அதற்கு மிகவும் ஏற்றவை.

கொண்டாடுவது என்றாலும் எப்படிக் கொண்டாடுவது என்பதில் நுட்பம் இருக்கிறது. அமெரிக்க மானிடவியலாளர் மார்கரெட் ட்ராவிக் தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றோடு வாழ்ந்து 1990இல் வெளியிட்ட நூலில், தாயன்பு மறைக்கப்பட வேண்டியதாகக் கருதப்பட்டதை விரிவாக எழுதியிருக்கிறார். பிள்ளையைக் கண்ணாரப் பார்த்துப் புகழ்ந்தால் கண்ணூறு படும் என்று அஞ்சினார்கள். அழகான பிள்ளையைச் சீண்டினார்கள், குறைத்துப் பேசினார்கள். மன்னாரிலும் பிள்ளைக்கு நாவூறு கழிக்காத வீடு அரிது. இந்தப் பழக்கத்தில் வளர்ந்த பிள்ளையிடம் 'எக்ஸலன்ட், வெரி குட்' என்று வகுப்பு முழுக்கக் கேட்கப் புகழும் ஆங்கிலப் பாணி கூச்சத்தைத்தான் முதலில் உண்டாக்கும். 'காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு' என்று தமிழர் சொல்வதில் இருக்கும் செல்லக் கண்டிப்பும் அந்தக் கூச்சத்தைச் சேர்ந்ததே. இதை வெளியூர் ஆசிரியர் ஆர்வமின்மை என்று எடுத்துக்கொண்டால் தவறு அவருடையது.

பிரம்பை விட்டால் பிள்ளை கெடும் என்ற கோட்பாட்டுக்கே இலங்கையில் ஒரு நல்ல சோதனை நடந்திருக்கிறது. மானிடவியலாளர் பாம்பி சேப்பின், சிங்களக் கிராமம் ஒன்றில் பல ஆண்டுகள் ஆய்வு செய்து 2014இல் நூல் எழுதினார். அங்கே சிறு குழந்தை கேட்டதைத் தாய்மார் மறுக்காமல் கொடுத்துவிடுகிறார்கள். அமெரிக்கப் பார்வையில் இது பிள்ளையைக் கெடுக்கும் வழி. ஆனால் அந்தக் குழந்தைகள் வளர வளர எதையும் கேட்டு அடம்பிடிக்காத, பெரியவர் சொல்லுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளாக மாறுவதை அவர் கண்டார். கொடுத்தால் கெடும் என்ற விதி அந்தக் கிராமத்தில் பொய்த்துவிட்டது. நம் ஊர்த் தாய்மாரைப் பார்த்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. அழுகிற பிள்ளைக்குக் கேட்டதைக் கொடுத்துவிடுவதும், அதே பிள்ளை ஏழு, எட்டு வயதில் தங்கைக்குச் சோறூட்டுவதும் ஒரே வீட்டில்தான் நடக்கிறது. இப்படிப்பட்ட சமூகத்தில் இருந்துகொண்டு ஓர் ஆங்கில வரியை எந்தக் கேள்வியும் இல்லாமல் ஏன் நம்பவேண்டும்?

பழமொழியின் பொருள் எங்கும் ஒன்றல்ல என்பதைப் பழமொழி ஆய்வாளர்கள் எப்போதோ காட்டிவிட்டார்கள். 'உருளும் கல்லில் பாசி படியாது' என்ற ஆங்கிலப் பழமொழியைச் சிலர் ஓரிடத்தில் நிலைத்து வாழ் என்ற அறிவுரையாகவும், சிலர் ஓடிக்கொண்டே இரு, துருப்பிடிக்காதே என்ற அறிவுரையாகவும் எடுக்கிறார்கள். பார்பரா கிர்ஷன்பிளாட்-கிம்பிளட் 1973இல் எழுதிய கட்டுரை இந்தப் பன்மையைப் பற்றியது. ஆங்கிலம் பேசுவோருக்குள்ளேயே இரண்டு பொருள் இருக்கும் வரிக்கு நாம் ஒரே ஒரு விடையை வைத்துப் பிழை போடுகிறோம்.

குற்றத்தை ஆசிரியர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமாகாது. குறுகிய பாடவேளை, நிறைந்த வகுப்பு, முன்னே க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை. கிராமப் பாடசாலையில் ஆங்கில ஆசிரியர் கிடைப்பதே பெரும்பாடு. திருத்துவதற்கு இலகுவான கேள்வியை அவர் தேர்வது இயல்பு. 2009ஐ ஆங்கில, தகவல் தொழினுட்ப ஆண்டாக அரசு அறிவித்தபோது, வெள்ளைக்காரரின் உச்சரிப்புக்கு அஞ்சாமல் நம் பாணியிலேயே ஆங்கிலம் பேசுவோம் என்ற குரல் ஓங்கி ஒலித்தது. அந்தத் துணிவு உச்சரிப்போடு நின்றுவிட்டது. கருத்தில் அது வரவில்லை. நாக்கு நம்முடையதாக இருக்கலாம் என்றவர்கள், ஆங்கில வாக்கியம் சொல்லும் கருத்தோடு பிள்ளை முரண்படலாம் என்று சொல்லவில்லை.

முரண்படுவதற்கு நம் ஊரிலேயே நல்ல வரி இருக்கிறது: 'சிறுபிள்ளை வேளாண்மை விளைந்தாலும் வீடு வந்து சேராது.' இலங்கைத் தமிழில் வேளாண்மை என்றால் வயலில் நிற்கும் நெல். அதை உயிலங்குளத்துத் தரம் 9 வகுப்பில் ஆங்கிலத்தில் விளக்கச் சொல்லிப் பார்க்கலாம். குருவி விரட்டியவர்கள், வெட்டுக்காரருக்குச் சோறு கொண்டுபோனவர்கள், மாடு கட்டியவர்கள் அந்த வகுப்பில் இருப்பார்கள். இது யார் யாருக்குச் சொல்வது, எப்போது சொல்வது, உண்மையா, நீ செய்த வேலையைச் சொல்லி மறுக்க முடியுமா என்று கேட்டால், இறந்தகால வினையும் காரணம் காட்டும் இணைப்பும் தேவைக்காகவே பிறக்கும். வீட்டில் அம்மம்மாவிடம் கேட்டு, பிள்ளைகளைப் பற்றிய நான்கு பழமொழிகள் கொண்டுவரச் சொல்லலாம். அடிக்கச் சொல்வது எது, கொண்டாடச் சொல்வது எது என்று அவர்களே பிரிப்பார்கள். ஒரே பாட்டியின் வாயிலிருந்து இரண்டும் வரும். அதைக் கண்டுபிடிப்பதே பெரிய பாடம்.

இதில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இப்படிப் பழமொழியை விவாதிக்க மொழி கொஞ்சம் கைவந்திருக்க வேண்டும். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு இது ஏற்காது. அவர்களுக்கு நெல், மழை, காற்று பற்றிய எளிய வரிகள் போதும். பிள்ளை வளர்ப்புப் பற்றிய வரிகள் தரம் 9இலிருந்து தொடங்கட்டும். எவ்வளவு கற்றாலும் நடைமுறை ஆங்கிலத்தில் முழுப் பழமொழி அரிதாகவே வருகிறது, பாதியாகவும் திரித்தும்தான் செய்தித்தலைப்பிலும் விளம்பரத்திலும் வருகிறது. ஆகவே பட்டியலை நீட்டுவதில் பெருமை ஏதுமில்லை. பத்து வரியைக் கேள்வி கேட்டுக் கற்ற பிள்ளை, நூறு வரியை ஒப்புவிக்கும் பிள்ளையைவிட நன்றாக ஆங்கிலம் பேசும்.

பழமொழி வகுப்பறையில் இருக்கட்டும், பொருத்துக என்ற கேள்வி போகட்டும். வழிகாட்டிப் புத்தகம் அச்சிடுபவர்களும் வலயத்தின் ஆசிரிய ஆலோசகர்களும் இதை உடனே செய்ய முடியும். பிரம்பு பற்றிய அந்த வரியை எடுத்துவிட மனமில்லை என்றால், குறைந்தபட்சம் அதற்குக் கீழே 2005/17 என்ற சுற்றறிக்கை இலக்கத்தையும், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தையும் சேர்த்து அச்சிடுங்கள்.